வேண்டாம் என்று சொல்லும் உரிமை

மக்களோடு சேர்ந்து வடிவமைக்கும் ஆய்வுக்காக ஒரு கொள்கைப் பிரகடனம்

ஒரு கருவியோடு வாழப்போகிறவருக்கு அதை மறுக்கும் உரிமை இல்லையென்றால், அந்தக் கருவிக்காக நடந்த ஆய்வை மனித மைய ஆய்வு என்று நாங்கள் அழைக்க மாட்டோம். அந்தப் பெயரில் பட்டம் வாங்க மாட்டோம்; பட்டம் கொடுக்கவும் மாட்டோம். இதைச் சொல்லித்தான் இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

நாங்கள் தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரிகளிலும் வடிவமைப்புத் துறைகளிலும் பாடம் நடத்துகிறவர்கள், ஆய்வு மாணவர்கள், பட்டறையில் எங்கள் வரைபடத்துக்கு உருவம் கொடுக்கும் டெக்னீஷியன்கள். எங்களோடு சேர்ந்து இதை எழுதியவர்கள் ரேஷன் கடை விற்பனையாளர்கள், கிராம சுகாதாரச் செவிலியர்கள், பேருந்து நடத்துநர்கள், சக்கர நாற்காலியில் வேலைக்குப் போய் வருகிறவர்கள், நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளராக இருந்த பெண்கள். இந்த இரண்டாம் வரிசைக்காரர்களை ஆய்வேடுகள் ‘பயனாளி’ என்கின்றன, சில நேரம் ‘சாம்பிள்’ என்கின்றன. இந்தப் பிரகடனத்தில் அவர்கள் கையெழுத்துக்காரர்கள்.

இப்போது நடப்பது துறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். முதலில் திட்டத்துக்குப் பணம் வரும். என்ன செய்யப்போகிறோம் என்பது விண்ணப்பத்திலேயே முடிவாகியிருக்கும்: ஒரு செயலி, ஒரு சென்சார், கைக்குள் அடங்கும் ஏதோ ஒரு பெட்டி. அதன் பிறகு வேன் பிடித்து ஊருக்குப் போவார்கள். ஊராட்சி மன்ற அலுவலகத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆங்கிலத்தில் அச்சடித்த சம்மதப் படிவத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவார்கள். டீ, பிஸ்கட், குழுப் புகைப்படம். திரும்பி வந்ததும் ஆய்வுக்கூடச் சுவர் முழுக்க மஞ்சள் ஒட்டுச்சீட்டு ஏறும். நிச்சயதார்த்தம் முடிந்து பத்திரிகையும் அடித்த பிறகு பெண்ணிடம் சம்மதமா என்று கேட்பது போன்ற சடங்கு இது. மாதிரி ஒன்று தயாராகும், அதன் படம் போஸ்டரில் வரும், பேப்பர் போடுவார்கள், கருவி அலமாரிக்குப் போகும். அதைத் தேடி ஊரிலிருந்து யாரும் வர மாட்டார்கள். அவர்கள் அதைக் கேட்டதே இல்லை.

இதற்குத் தனிமனிதர்களைத் திட்டிப் பயனில்லை. 2016இல் முதல் பட்டியலை வெளியிட்ட, உயர்கல்வி நிறுவனங்களுக்கான தேசியத் தரவரிசையில் ஆய்வுக்கான மதிப்பெண் வெளியான கட்டுரைகள், மேற்கோள்கள், காப்புரிமைகள், வந்த திட்டப் பணம் என்று எண்ணப்படுகிறது. ஒரு கருவி மூன்று வருடம் கழித்தும் யாருடைய வீட்டிலாவது வேலை செய்கிறதா என்று கேட்கும் கட்டம் அதில் கிடையாது. கட்டம் இல்லாத வேலையை ஓர் உதவிப் பேராசிரியர் எத்தனை நாள் செய்வார்? முப்பத்தாறு மணி நேரப் போட்டி வைத்து ஊர்ப் பிரச்சினையைத் தீர்த்துவிடலாம் என்று மாணவர்களை நம்பவைப்பதும் இதே ஏற்பாட்டின் ஒரு பகுதிதான். முப்பத்தாறு மணி நேரத்தில் ஒரு கிராமத்தில் யார் யாரோடு பேசமாட்டார் என்பதைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது.

மனித மையம்: யாருடைய எண்ணம் இது

1970களின் நடுவில் பிரிட்டனில் லூகாஸ் ஏரோஸ்பேஸ் நிறுவனம் விமானப் பாகங்கள் செய்துகொண்டிருந்தது. உற்பத்தியில் பெரும்பங்கு ராணுவத்துக்குப் போனது. ஆட்குறைப்பு வருகிறது என்று தெரிந்ததும், அங்கிருந்த தொழிலாளர் பிரதிநிதிகள் வேலையைக் காப்பாற்றுங்கள் என்று மனுக்கொடுத்ததோடு நிற்கவில்லை. இதே இயந்திரங்களையும் இதே கைத்திறனையும் வைத்துச் சமூகத்துக்குப் பயன்படும்படி வேறு என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். பல்கலைக்கழகங்களுக்கும் நிபுணர்களுக்கும் அமைப்புகளுக்கும் கடிதம் எழுதினார்கள். பதில் போட்டவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். பிறகு அதே கேள்வியைத் தங்கள் ஆலைகளில் வேலை பார்த்தவர்களிடமே கேட்டார்கள். குவிந்த யோசனைகளிலிருந்து சுமார் 150 பொருள்களைக் கொண்ட திட்டம் 1976 ஜனவரியில் வெளியானது: வெப்பப் பம்பு, சாலையிலும் தண்டவாளத்திலும் ஓடும் வண்டி, சிறுநீரக இயந்திரம், முதுகுத்தண்டுக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகள் தாங்களே ஓட்டிக்கொள்ளும் சிறு வண்டி.

நிர்வாகம் திட்டத்தை ஏற்கவில்லை. குழந்தைகளின் வண்டி தங்கள் தயாரிப்பு வரிசைக்குப் பொருந்தாது என்றது. திட்டத்தின் முன்னணியில் நின்ற வடிவமைப்புப் பொறியாளர் மைக் கூலி 1981இல் வேலையை இழந்தார். அதே ஆண்டு அவருக்கு ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. மனிதரை மையமாகக் கொண்ட தொழில்நுட்பம் என்ற பேச்சைப் பொறியியலுக்குள் கொண்டுவந்தவர்களில் அவர் முக்கியமானவர். அது வேலையையும் திறமையையும் காப்பாற்றும் சண்டையிலிருந்து வந்த பேச்சு. பல்கலைக்கழகங்கள் அந்தச் சண்டையில் பெரும்பாலும் கடிதத்துக்குப் பதில் போடாத பக்கத்தில் இருந்தன என்பதை எங்கள் மாணவர்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்வோம்.

தொழிலாளர் பக்கம் நின்ற ஆய்வாளர்களும் இருந்தார்கள். நார்வேயில் கிறிஸ்டன் நிகார்ட் அப்படி ஒருவர். ஓலே-யோஹான் தாலுடன் சேர்ந்து சிமுலா என்ற நிரல்மொழியை உருவாக்கியவர். இன்று உலகம் முழுக்கப் பயன்படும் பொருள்நோக்கு நிரலாக்கத்தின் தொடக்கம் அந்த மொழி. இருவருக்கும் 2001ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது கிடைத்தது. தான் கொடுத்த கருவி ஆலைகளில் வேலையைத் திட்டமிடவும், அந்த வேலையைச் செய்கிறவர்களின் பிடியைத் தளர்த்தவும் பயன்படுவதை நிகார்ட் கவனித்தார். 1970களின் தொடக்கத்தில் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு ஆய்வில் இறங்கினார்.

அந்த ஆய்வில் நடந்த ஒரு மாற்றத்தை நாங்கள் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். முதலில் அவர்களும் வழக்கமான முறையில்தான் திட்டமிட்டார்கள்: கணினி முறைகளை ஆராய்வது, தொழிலாளர்களைப் பேட்டி எடுப்பது, அறிக்கை எழுதுவது. சிறிது காலத்திலேயே அந்த அறிக்கையால் சங்கத்துக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்று புரிந்தது. திட்டத்தை மாற்றினார்கள். ஆய்வின் முடிவு என்பது ஆய்வாளர் எழுதும் தாள்கள் ஆகாது, ஆய்வின் காரணமாகச் சங்கம் எடுக்கும் நடவடிக்கைகளே முடிவு என்று வரையறுத்தார்கள். ஆலைகளில் இருந்த கிளைச் சங்கங்கள் தாங்களே குழு அமைத்து, தங்கள் ஆலையின் உற்பத்தித் திட்டமுறையைத் தாங்களே ஆராய்ந்தன. ஆய்வாளர்கள் பாடநூல் எழுதிக் கொடுத்தார்கள். கணினி முறைகள் கொண்டுவரப்படும்போது தொழிலாளர்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், அவர்கள் தரப்பில் அதற்கென ஒரு பிரதிநிதி இருக்க வேண்டும் என்ற ஒப்பந்தங்கள் பிறந்தன. 1975இல் அது நாடு தழுவிய ஒப்பந்தமானது; 1977இல் வேலைச் சூழல் சட்டத்திலும் இடம்பிடித்தது. ஓர் ஆய்வுத் திட்டம் சட்டமானது. எத்தனை பேப்பர் வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

பிறகு உடோப்பியா. 1981 முதல் 1985 வரை, ஸ்வீடன், டென்மார்க் ஆய்வாளர்களும் நார்டிக் நாடுகளின் அச்சுத் தொழிலாளர் சங்கங்களும் சேர்ந்து பத்திரிகைப் பக்கங்களைக் கணினியில் அமைக்கும் முறையை வடிவமைத்தார்கள். கணினித் திரையில் என்ன வேண்டும் என்று கேட்டால் அச்சுக்கோப்பவர் என்ன சொல்வார்? அவர் அப்படி ஒரு திரையைப் பார்த்ததே இல்லை. ஆகவே அட்டைப்பெட்டிகளை வைத்துப் போலி இயந்திரங்கள் செய்தார்கள். வெறும் பெட்டியின் மேல் லேசர் பிரிண்டர் என்று எழுதி வைத்து, இது இருந்தால் உன் வேலை எப்படி நடக்கும், செய்து காட்டு என்றார்கள். வேலையைச் செய்து காட்டும்போது, பேட்டியில் வராத அறிவு வெளியே வந்தது. எங்கள் ஆய்வுக்கூடங்களில் முப்பரிமாண அச்சு இயந்திரத்துக்கு முன்னால் ஒரு கட்டு பழைய அட்டை வாங்கி வைப்போம். செலவு மிச்சம் என்பதற்காகச் சொல்லவில்லை. பளபளப்பான மாதிரியைப் பார்த்தால் நன்றாயிருக்கிறது சார் என்றுதான் நம் ஊர்க்காரர் சொல்வார். அட்டையைக் கத்தரிக்க அவருக்குக் கை கூசாது.

உடோப்பியாவைப் புகழ்ந்துவிட்டு நகர முடியாது. அது பரவவில்லை. ஸ்டாக்ஹோமின் அஃப்டன்ப்ளாடட் நாளிதழில் சோதித்துப் பார்த்தார்கள். அதற்குள் 1985இல் அமெரிக்காவிலிருந்து பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளும் மேசைக் கணினி லேசர் அச்சும் வந்து அந்தத் தொழிலையே தலைகீழாக்கிவிட்டன. இன்னொரு ஓட்டையும் இருந்தது. அச்சுத் தொழிலாளர்கள் மேசையில் இருந்தார்கள். அதே பத்திரிகைப் பக்கத்தில் வேலை செய்த செய்தியாளர்களின் சங்கம் மேசையில் இல்லை. ஒரு தரப்பை உட்காரவைத்து மறு தரப்பை வெளியே நிறுத்தினால் நல்ல ஆய்வும் பாதிதான் நிற்கும். ரேஷன் கடைக் கருவியை அட்டைதாரரோடு மட்டும் பேசி வடிவமைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கவுண்டருக்கு அந்தப் பக்கம், வரிசையின் கோபத்தை முழுதாக வாங்கிக்கொண்டு ஒருவர் நிற்கிறார்.

இதற்குப் பின் வந்த கதையை விரைவாகச் சொல்லிவிடலாம். 1999இல் மனித மைய வடிவமைப்புக்கு ஒரு சர்வதேசத் தர எண் வந்தது. பயிலரங்குகள் வந்தன, சான்றிதழ்கள் வந்தன, ஐந்து படிகள் கொண்ட வட்டப்படங்கள் வந்தன. அவற்றில் பயனுள்ளவை நிறைய. நாங்களும் அவற்றைக் கற்றுத்தருகிறோம். ஆனால் ஆலையில் யார் முடிவெடுப்பது என்று தொடங்கிய விவாதம், பொத்தானை எங்கே வைப்பது என்று சுருங்கியது அந்த வழியில்தான்.

பொத்தான் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1980களின் தொடக்கத்தில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் மானிடவியலாளர் லூசி சச்மன், புதிய நகலெடுக்கும் இயந்திரத்தோடு மனிதர்கள் படும் பாட்டைப் படமெடுத்தார். பச்சைப் பொத்தானை அழுத்தினால் போதும் என்று விளம்பரம் செய்யப்பட்ட வகை இயந்திரம் அது. அதன் முன் நின்று திணறிய இருவரில் ஒருவர் செயற்கை நுண்ணறிவின் முன்னோடியும் டூரிங் விருது பெற்றவருமான ஆலன் நியூவெல். மற்றவர் கணினி மொழியியலாளர் ரான் கப்லன். இனி யாராவது எங்களிடம் வந்து, கிராமத்து ஜனங்களுக்குச் செயலி பயன்படுத்தத் தெரியவில்லை, பயிற்சி கொடுங்கள் என்றால், அந்தப் படத்தைப் போட்டுக் காட்டிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவோம்.

நம் மண்ணில்

மேலூரைப் பற்றி நிறையப் பேசவேண்டும். மதுரை மாவட்டத்தின் அந்த வட்டாரத்தில் 2001 வாக்கில் ஒரு பெரிய கிராம இணையத் திட்டம் தொடங்கியது. ஐஐடி மெட்ராஸில் உருவான கம்பியில்லாத் தொழில்நுட்பம், ஹார்வர்ட், எம்ஐடி பல்கலைக்கழகங்களின் பங்கேற்பு, உள்ளூர்க்காரர்கள் நடத்தும் கணினி மையங்கள். முதியோர் உதவித்தொகைக்கும் சான்றிதழ்களுக்கும் தாலுகா ஆபீஸுக்கு நடையாய் நடக்காமல் ஊரிலிருந்தே விண்ணப்பிக்கலாம். எண்ணம் அருமையானது. ஆர்வமாயிருந்த அதிகாரிகள் மாற்றலாகிப் போனதும் தாலுகா ஆபீஸ் பக்கத்தில் வேகம் குறைந்தது; சில ஆண்டுகளில் மையங்களில் பெரும்பாலானவை மூடப்பட்டன. அதை மறைக்காமல் அந்த ஆய்வாளர்களே எழுதினார்கள் என்பதற்காக அவர்களை மதிக்கிறோம்.

அவர்கள் கண்டறிந்ததில் இன்னொன்று மூடப்பட்டதைவிட முக்கியமானது. மையங்களுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள், படித்தவர்கள், ஆண்கள். ஆனால் தலித் மக்கள் வாழும் பகுதிக்கு அருகே மையம் இருந்த இடங்களிலும், மையத்தை நடத்துகிறவர் ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவராக இருந்த இடங்களிலும் அந்த மக்கள் கூடுதலாக வந்தார்கள். திரையில் எழுத்து எவ்வளவு பெரியது, எத்தனை முறை சொடுக்க வேண்டும் என்ற கணக்குகளை எல்லாம் தாண்டி, மையம் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதே யார் வருவார்கள் என்பதைத் தீர்மானித்தது. வடிவமைப்புப் பாடத்திட்டம் எதிலும் தெரு என்று ஒரு அத்தியாயம் கிடையாது. நாங்கள் அதைச் சேர்க்கிறோம். கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டால் யார் வரமாட்டார்கள், மாலை ஆறு மணிக்கு வைத்தால் எந்தப் பெண்கள் வரமுடியாது, மேசைக்கு எதிரே யாருக்கு நாற்காலி தரப்படாது என்பதைத் தமிழ்நாட்டில் பிறந்த எந்த மாணவருக்கும் நாங்கள் கற்றுத்தரத் தேவையில்லை. ஆய்வு என்று வந்ததும் அதைத் தெரியாதது போல எழுதும் பழக்கத்தைத்தான் விடவைக்க வேண்டும்.

புதுச்சேரிக் கடற்கரையில் வேறு விதமாக நடந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் தொடங்கிய கிராமத் தகவல் மையங்களில், வீராம்பட்டினத்தில் ஒன்று. அலை உயரம் பற்றிய முன்னறிவிப்பை இணையத்திலிருந்து எடுத்து, மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கணினியின் முன் யாரும் உட்காரவேண்டியதில்லை. வலை பின்னிக்கொண்டே கேட்கலாம். நல்லவாடு கிராமத்திலும் அப்படி ஒரு ஒலிபெருக்கி இருந்தது. 2004 டிசம்பர் 26 காலையில் சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போன் செய்தார். ஒலிபெருக்கி அலறியது, ஊர் கரையை விட்டு ஓடியது, உயிர்கள் தப்பின. சுனாமிக்காக அந்தக் கருவியை யாரும் வடிவமைக்கவில்லை. ஊரின் கையில் இருந்ததால், நெருக்கடியில் ஊர் அதைத் தன் விருப்பப்படி பயன்படுத்திக்கொண்டது.

வாக்குப்பதிவு இயந்திரத்தையும் பாடமாக வைத்திருக்கிறோம். பாரத் எலெக்ட்ரானிக்ஸ், ஈசிஐஎல் என்ற இரு பொதுத்துறை நிறுவனங்கள் செய்யும் அதன் வடிவத்தில் ஐஐடி பம்பாயின் தொழில் வடிவமைப்பு மையத்துக்குப் பங்கு உண்டு. சின்னத்துக்கு நேரே நீலப் பொத்தான், சிவப்பு விளக்கு, பீப் ஒலி. எழுதப் படிக்கத் தெரியாதவரும் யார் துணையும் இல்லாமல் ஓட்டுப் போடலாம். எளிமையில் இதற்கு நிகரான கருவிகள் குறைவு. ஆனாலும் நான் அழுத்தியது எங்கே விழுந்தது என்று எனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி எழுந்துகொண்டே இருந்தது. அச்சான சீட்டைக் கண்ணாடி வழியாக 7 நொடி காட்டும் இணைப்புக் கருவி 2013இல்தான் புழக்கத்துக்கு வந்தது. 2004 மக்களவைத் தேர்தலிலேயே இயந்திரம் நாடு முழுக்கப் போய்விட்டது. மக்களின் சந்தேகத்தை அறியாமை என்று தள்ளாமல் வடிவமைப்புக் குறிப்பாக எடுத்துக்கொண்டிருந்தால், நீதிமன்றப் படி ஏறாமலே அந்தச் சீட்டு வந்திருக்கும்.

கண்காணிக்கப் பிறந்த கருவிகள் தனி வகை. நூறு நாள் வேலைத் தளங்களில் ஒரு நாளைக்கு இரண்டு முறை புகைப்படம் எடுத்து வருகைப் பதிவு செய்யும் செயலி 2023 ஜனவரி முதல் கட்டாயமாக்கப்பட்டது. காலையிலேயே தன் பங்கு மண்ணை வெட்டி முடித்த பெண்ணும் இரண்டாவது படத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. டவர் கிடைக்காத தளத்தில் படம் ஏறாவிட்டால் கூலிக்கே ஆபத்து. ஊழலைத் தடுக்கத்தான் இது என்றார்கள். பிறகு புகைப்படத்தையே புகைப்படம் எடுத்து ஏற்றுகிறார்கள் என்று அரசே சுற்றறிக்கை விடவேண்டி வந்தது. பணித்தளப் பொறுப்பாளர் நான்கு பேரை உட்காரவைத்துப் பேசியிருந்தால் அரை மணி நேரத்தில் இதைச் சொல்லியிருப்பார்கள். ரேஷன் கடையில் ரேகை விழாமல் திரும்பிப் போகும் பாட்டியின் விரல் தேய்ந்தது எப்படி என்பதும் ரகசியமில்லை. பாத்திரம் விளக்கி, நாற்று நட்டு, பீடி சுற்றித் தேய்ந்த விரல் அது.

நல்ல திசையில் போகிறவர்களையும் சொல்லிவிடுகிறோம். ஐஐடி மெட்ராஸில் சுஜாதா சீனிவாசன் தலைமையிலான மறுவாழ்வுக் கருவிகளுக்கான மையத்திலிருந்து, உட்கார்ந்திருப்பவர் தானே நிமிர்ந்து நிற்க உதவும் அரைஸ் சக்கர நாற்காலி 2019இல் வெளிவந்தது. சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஹாட்ச்கிஸ், தானே சக்கர நாற்காலியில் இருந்துகொண்டு, ஏழை நாடுகளின் சின்னப் பட்டறைகளில் செய்யவும் பழுதுபார்க்கவும் கூடிய நாற்காலிகளை வடிவமைத்தார். ஜெய்ப்பூர் செயற்கைக் கால் எல்லோருக்கும் தெரியும். சப்பணமிட்டு உட்காரலாம், வெறுங்காலோடு நடக்கலாம், சேற்றில் இறங்கலாம். டாக்டர் பி.கே. சேத்திக்கு அதற்காக 1981இல் மகசேசே விருது கிடைத்தது. அந்தக் காலை அவரோடு சேர்ந்து உருவாக்கிய கைவினைஞர் ராம் சந்திர சர்மாவின் பெயரை எத்தனை பேர் அறிவார்கள்?

நாங்கள் ஏற்கும் கட்டுப்பாடுகள்

எந்த ஆய்வும், எந்தக் கட்டத்திலும், அதன் கருவியோடு வாழப்போகிறவர்கள் வேண்டாம் என்றால் நிற்கும். நின்ற ஆய்வை வீணான ஆய்வாகக் கணக்கிட மாட்டோம். ஏன் நின்றது, யார் நிறுத்தினார்கள், அவர்கள் அதற்குப் பதிலாக என்ன கேட்டார்கள் என்று நேர்மையாக எழுதிய ஆய்வேட்டுக்கும் முழு மதிப்பெண் உண்டு. இதை ஏற்க மறுக்கும் கெய்டின் கீழ் எங்கள் மாணவர்கள் சேரமாட்டார்கள். இந்த ஒரு விதிக்காகத்தான் மற்ற எல்லாம்.

ஊரில் பாதிப் பேர் வேண்டும் என்றும் பாதிப் பேர் வேண்டாம் என்றும் சொன்னால்? அடிக்கடி அப்படித்தான் ஆகும். கைகளை எண்ணி முடிவெடுக்க மாட்டோம். கருவி பழுதானால் யாருடைய கூலி போகும், யாருடைய அரிசி போகும், யாருடைய உடம்பு நோகும் என்று பார்ப்போம். அவர்களுடைய ‘வேண்டாம்’ முதலாளியின், அதிகாரியின், பணம் கொடுத்தவரின் ‘வேண்டும்’ என்பதைவிடக் கனமானது. இதில் தகராறு வரும். தகராறை ஆய்வேட்டில் எழுதுவோம்.

விண்ணப்பத்தில் கருவியின் பெயரை எழுத மாட்டோம். யாரோடு, எந்தச் சிக்கலைப் பார்க்கப்போகிறோம் என்றுதான் எழுதுவோம். அவர்கள் கேட்பது இன்னொரு கவுண்டராக இருக்கலாம், நிற்கும் வரிசைக்கு ஒரு கூரையாக இருக்கலாம், செவிலியருக்கு ஒரு எழுத்தர் துணையாக இருக்கலாம். அப்போது செயலி செய்யாமல் அதை எழுதி அரசுக்குக் கொடுப்பதே ஆய்வின் முடிவு. பணம் தருகிறவர்கள் இதற்கு எளிதில் ஒப்ப மாட்டார்கள் என்று தெரியும். ஒப்பாத பணம் வேண்டியதில்லை.

எங்களோடு உட்காரும் நேரத்துக்கு அவரவர் இழக்கும் கூலியைக் கொடுப்போம். பேனாவும் சான்றிதழும் கூலியாகாது. சம்மதத்தைத் தமிழில், அந்த ஊர்ப் பேச்சில், வாய்விட்டுச் சொல்லி, அவர் திருப்பிச் சொல்வதைக் கேட்ட பிறகே வாங்குவோம். யோசனை தந்தவரின் பெயர் கட்டுரையிலும் காப்புரிமையிலும் வரும், அவர் விரும்பினால், விரும்பாவிட்டால் வராது. திட்டப் பணத்தில் ஒரு பங்கைத் திட்டம் முடிந்த பிறகான பழுதுபார்ப்புக்கென்று ஒதுக்காமல் கணக்கை மூட மாட்டோம். உள்ளூர் சைக்கிள் கடையிலோ மொபைல் கடையிலோ பிரித்து மாட்ட முடியாத எதையும் கிராமத்தில் விட்டுவிட்டு வர மாட்டோம்; வரைபடத்தைத் தமிழில் அந்தக் கடைக்காரரிடமே கொடுப்போம்.

செயற்கை நுண்ணறிவு விஷயத்திலும் விதி மாறாது. தமிழ்ப் பேச்சைப் புரிந்துகொள்ளும் முறைகளுக்காகக் குரல் கொடுக்கிறவர்களும், படங்களுக்குப் பெயர் சூட்டும் வேலையைச் சிறு நகரங்களில் உட்கார்ந்து செய்கிற பெண்களும் எங்கள் கணக்கில் ஆய்வின் பங்காளிகள். உதவித்தொகையை நிறுத்துவதா தொடர்வதா என்று ஒரு மென்பொருள் முடிவெடுக்குமானால், அந்த முடிவுக்குப் பெயரும் தொலைபேசி எண்ணும் உள்ள ஒரு மனிதர் பொறுப்பேற்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லாத முறையை வடிவமைக்க எங்கள் ஆய்வுக்கூடங்களின் கதவு திறக்காது.

இப்படியெல்லாம் செய்தால் ஆய்வு மெதுவாகும் என்பார்கள். ஆகும். மூன்று வருட முனைவர் பட்டம் ஐந்து வருடமாகலாம். உதவித்தொகை அதுவரை வருமா என்பது உண்மையான கவலை. அதற்காகப் பல்கலைக்கழகங்களோடு பேசவேண்டியிருக்கிறது, சண்டையும் போடவேண்டியிருக்கும். மக்களுக்குத் தங்களுக்கு என்ன வேண்டும் என்று தெரியாது என்றும் சொல்வார்கள். 2005இல் எம்ஐடியைச் சேர்ந்தவர்கள் அறிவித்த மலிவு விலை மடிக்கணினித் திட்டத்தில், உலகத்தின் கூர்மையான மூளைகள் குழந்தைகளுக்கு என்ன வேண்டும் என்று அறிந்திருந்தன. பெரு நாட்டுக் கிராமப் பள்ளிகளில் கணினிகள் போய்ச் சேர்ந்தன. கணக்கிலும் மொழியிலும் மாணவர்களின் மதிப்பெண் உயரவில்லை என்று 2012இல் அமெரிக்க நாடுகளுக்கான வளர்ச்சி வங்கியின் ஆய்வு சொன்னது. அங்கே ஆசிரியரைத் திட்டத்தின் நடுவில் வைத்துத் தொடங்கியிருக்க வேண்டும் என்று நினைக்கிறோம்.

இந்த இயக்கத்துக்குத் தலைவர் இல்லை. அலுவலகமும் இப்போதைக்கு இல்லை. கூட்டம் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு ஊரில், கல்லூரி வளாகத்துக்கு வெளியே, எல்லோரும் உள்ளே வரக்கூடிய இடத்தில் நடக்கும். சாய்தளம் இல்லாத கட்டடத்தில் நடக்காது. முதல் வேலையாக, எங்கள் துறைகளின் அலமாரிகளில் இருக்கும் பழைய மாதிரிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அவை யாருக்காகச் செய்யப்பட்டனவோ அவர்களிடம் கொண்டுபோய்க் காட்டுவோம். எது உதவும், எது உதவாது, ஏன் என்று அவர்கள் சொல்வதை அப்படியே பதிவுசெய்வோம். அந்தப் பதிவேட்டைத் துறைத் தலைவரின் மேசையில் வைப்போம். ஒரு பிரதி அந்த ஊர் நூலகத்துக்கும் போகும்.

கையெழுத்திட விரும்பும் பேராசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு நிபந்தனை. உங்கள் ஆய்வின் கருவியைப் பயன்படுத்துகிறவர், அல்லது பயன்படுத்தப்போகிறவர் ஒருவரிடம் இந்தப் பிரகடனத்தை முழுதாக வாசித்துக் காட்டுங்கள். அவர் திருத்தச் சொல்லும் இடங்களைத் திருத்தி அனுப்புங்கள். அவர் கையெழுத்து மேலே, உங்கள் கையெழுத்து கீழே. தனியாக வரும் கையெழுத்தைச் சேர்த்துக்கொள்ள மாட்டோம்.